காண்பதும் ஒரு வினையே

(மகாவீர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற ஆண்டு விடுமுறையில் நம் குடும்பங்களுள் சில ஆப்பிரிக்காவுக்குச் சென்று வனவிலங்குகளைக் கண்டு வந்தன. அவர்கள் கொணர்ந்த படங்களைத் திரையிட்ட நாளில் அம்மையார் ஒருவர் எழுந்து ஒரு வினா எழுப்பினார். ‘சிங்கம் மானைக் கொல்வதைப் பணம் கொடுத்துச் சென்று பார்ப்பது நம்மவர்க்குத் தகுமா?’ என்பதே அவ்வினா. அன்று எவரும் விடை கூறவில்லை. விழாக்குழுவினர் அவ்வினாவையே எனக்குத் தலைப்பாகத் தந்துவிட்டனர். நாற்பது ஆண்டுகள் மாணவரிடம் வினாக்களைத் தொடுத்த ஆசிரியனுக்கு இது தக்க கைம்மாறுதான்.

முதலில் சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘சஃபாரி’ என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். அரபு மொழியின் ‘சஃபர்’ என்பதிலிருந்து வந்தது. பொருள், பயணம் என்பது மட்டுமே. பயணம் என்னும் அச்சொல்லை வேட்டைப் பயணம் ஆக்கியவர்கள் ஐரோப்பியர். துப்பாக்கியும் கூலியாட்களுமாகச் சென்று, கொம்பும் தோலுமாகத் திரும்பினர். அந்த வேட்டைக்காரர்கள் வகுத்துவைத்த பட்டியலொன்று இன்றும் ஒவ்வொரு சுற்றுலா விளம்பரத்திலும் இடம்பெறுகிறது. ‘பெரிய ஐந்து’ என்பர். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஆகிய ஐந்தும் உருவத்தால் பெரியவை என்பதனால் அப்பெயர் பெறவில்லை. கால்நடையாய்ச் சென்று வேட்டையாடுவதற்கு மிகக் கடியவை, ஆபத்தானவை என்பதனால் பெற்றன. கென்யா 1977ஆம் ஆண்டிலேயே வேட்டையைத் தடைசெய்துவிட்டது. துப்பாக்கி போயிற்று, பட்டியல் போகவில்லை. இன்று அதே ஐந்தையும் படக்கருவியால் ‘பிடித்து’ முடித்தால்தான் பயணம் நிறைவுற்றதாக எண்ணுகிறோம்.

நம் முன்னோரும் ஐந்து என்றொரு கணக்கு வைத்திருந்தனர். அது புலன்களின் கணக்கு. ஓரறிவுயிர் தொடங்கி ஐயறிவுயிர் வரை வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் உணர்கிறது, எதனால் துன்புறுகிறது என்று ஆராய்ந்தனர். தொல்காப்பிய மரபியலும் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துரைப்பதைத் தமிழ் கற்றோர் அறிவர். வேட்டைக்காரன் ‘இதைக் கொல்வது எவ்வளவு கடினம்?’ என்று கேட்டு உயிர்களை வரிசைப்படுத்தினான். அறவோர் ‘இதற்கு எத்தனை வழியில் நோகும்?’ என்று கேட்டு வரிசைப்படுத்தினர். எந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நுழைகிறோம் என்பதில்தான் அம்மையாரின் வினாவுக்கு விடை தொடங்குகிறது.

வேட்டைக்காரனின் அந்த ஐந்தில் நான்கு நம் கோயில்களில் இருக்கின்றன என்பதையும் எண்ணிப் பாருங்கள். அஜிதநாதர் பீடத்தில் யானை. சிரேயாம்சநாதர் பீடத்தில் காண்டாமிருகம். வாசுபூஜ்யர் பீடத்தில் எருமை. இன்று நாம் பிறந்தநாள் கொண்டாடும் வர்த்தமானர் பீடத்தில் சிங்கம். குழந்தைப் பருவம் முதல் இலாஞ்சனங்களாக நாம் வணங்கிவரும் உயிர்களை நேரில் காண விரும்புவது தவறன்று, இயல்பே.

அப்படியானால் எங்கே இடர் வருகிறது? ஆப்பிரிக்காவிலிருந்தே ஒரு சான்று கூறுகிறேன். கென்யாவின் மாசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும் ஒன்றையொன்று அடுத்த பெரும் புல்வெளிகள். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் என்னும் மாட்டுருவ மான்கள் மழையையும் புல்லையும் தொடர்ந்து ஆண்டுதோறும் அங்கே வலம் வருகின்றன. சூலை முதல் அக்டோபர் வரை அவை மாரா ஆற்றைக் கடக்கும் காட்சியைக் காண உலகமே திரள்கிறது. அதே மாராவில் சிவிங்கிப்புலிகளைப் பற்றிய ஓர் ஆய்வு 2018ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சுற்றுலா வண்டிகள் குறைவாகச் செல்லும் பகுதியில் ஒரு தாய், ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை ஆளாக்கியது. வண்டிகள் மிகுந்த பகுதியில் அந்தச் சராசரி 0.2 மட்டுமே, அதாவது ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டி என்ற அளவு. அங்கே எவரும் சுடவில்லை, எவரும் கல்லெறியவில்லை. வந்தவர் அனைவரும் விலங்கின்மீது அன்பு கொண்டவர்களே. ஆயினும் சிவிங்கிப்புலி பகலில் வேட்டையாடும் விலங்கு. அதனைச் சுற்றி வண்டிகள் குழுமினால் இரை தப்பிவிடும். பிடித்த இரையையும் அமைதியாய் உண்ண இயலாது. குட்டிகள் பசியால் நலியும். ஒரு பூனையினப் பெருவிலங்கின் அருகே ஒரு நேரத்தில் ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது என்று அங்கே விதியிருக்கிறது. ஆறாவது வண்டியில் அமர்ந்திருப்பவர் ஓட்டுநரிடம், ‘கொஞ்சம் முன்னே போங்கள், கூடுதலாகத் தருகிறேன்’ என்று கூறும்போது அவ்விதி முறிகிறது.

ஆகவே காண்பதும் ஒரு செயலே. நம் சொல்லில் கூறினால், காண்பதும் ஒரு வினையே. மனத்தால், சொல்லால், உடலால் என்று வினை வரும் வாயில்களை மூன்றாக எண்ணிப் பழகிய நமக்கு இது விளங்காத செய்தியன்று.

ஆப்பிரிக்கா செல்லாதீர்கள் என்று நான் கூறவில்லை. வாய்ப்புள்ளவர் செல்லுங்கள். நைரோபியிலும் மொம்பாசாவிலும் குசராத்திலிருந்து குடியேறிய ஓஸ்வால் சமூகத்தார் சினாலயங்கள் எழுப்பியுள்ளனர். கண்டம் கடந்தாலும் நம் நெறி அங்கே நமக்கு முன்பே சென்றிருக்கிறது. ஆயின் காட்டில் நடந்துகொள்ளும் முறையைப் பழகுவதற்கு அத்தனை தொலைவு பறக்க வேண்டியதில்லை. சோமனூரிலிருந்து பல்லடம் வழியே பொள்ளாச்சி, அங்கிருந்து சேத்துமடை, அதற்கு மேல் டாப்சிலிப். காலையில் புறப்பட்டால் நண்பகலுக்குள் நாம் ஆனைமலையின் மடியில் இருப்போம்.

ஆனைமலை 1976இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2007இல் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. உட்பகுதியும் புறப்பகுதியும் சேர்ந்து ஏறத்தாழ 1,480 சதுர கி.மீ. பரப்பு. டாப்சிலிப் என்னும் பெயரே ஒரு வரலாறு. 19ஆம் நூற்றாண்டில் தேக்கு மரங்களை வெட்டி, மலை உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்ட இடம் அது. அழித்த கையே பின்னர் நட்டது. ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அலுவலர் கைத்தடியால் மண்ணில் குழியிட்டுத் தேக்கு விதைகளை ஊன்றிக்கொண்டே நடந்தார் என்பர். அவர் கல்லறை அந்தக் காட்டுக்குள்ளேயே இருக்கிறது.

என் மகன் கென்யாவுக்கே திட்டமிட்டிருந்தான். ‘முதலில் நம் மலை, பிறகு அவர்கள் சமவெளி’ என்று நான் சொல்ல, பேரக்குழந்தைகள் இருவரோடும் ஆனைமலைக்கே சென்றோம். நாம் தறிச்சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். விசைத்தறி ஓசைக்கு மேலே குரல் எழுப்பிப் பேசியே பழகியவர்கள். வீட்டுக்குள்ளும் நம் பேச்சு தெருமுனை வரை கேட்கும். வனத்துறை வண்டியில் ஏறியதும், வழிகாட்டியாக வந்த மலசர் பெரியவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அடுத்த ஒன்றரை மணி நேரம் எங்கள் குடும்பம் வாய் திறக்கவில்லை. அதுவே எங்களுக்கு ஒரு நோன்பாயிற்று.

புள்ளிமான் கூட்டம் ஒன்று மிரண்டு ஓடியது. பின்னே செந்நாய்கள். வண்டி தொலைவிலேயே நின்றது, பொறியை நிறுத்திவிட்டனர். என் பேரன் பத்து வயதினன். தாளமாட்டாமல், ‘தாத்தா, நாம வண்டியில போய் விரட்டினா அந்த மான் பிழைச்சிடுமே?’ என்று கேட்டான். பெரியவர்தான் விடை சொன்னார். ‘வெரட்டலாம் கண்ணு. பசியோட போற நாயி பொழுது சாயறதுக்குள்ள வேறொரு மானைப் புடிக்கும். இப்ப ஒண்ணு போறது, அப்ப ரெண்டாப் போகும்.’

நான் பல நூல்களில் தேடியும் அதனினும் தெளிந்த விளக்கத்தைக் கண்டதில்லை. இரக்கத்தால் குறுக்கிட்டாலும் இரண்டாவது மானின் உயிர்க்கு நாம் காரணமாவோம். காட்டில் நாம் நீதிபதிகள் அல்லர், விருந்தினர்.

ஆனால் குழந்தையின் வினாவில் இன்னொரு பகுதி எஞ்சியிருந்தது. ‘அப்படின்னா அந்த நாய் கெட்டதா?’ என்றான். இதற்கு விடை நம் ஸ்ரீபுராணத்தில் இருக்கிறது. பகவான் மகாவீரர் முன்பிறவிகளுள் ஒன்றில் சிங்கமாய்ப் பிறந்தார். மானைக் கொன்று தின்றுகொண்டிருந்த அச்சிங்கத்தின்முன் சாரணர் இருவர் வானிலிருந்து இறங்கி வந்து அறம் உரைத்தனர். சிங்கம் கண்ணீர் உகுத்தது, விரதம் ஏற்றது, ஊன் உண்ணாது உயிர் துறந்தது. அந்த உயிரே பல பிறவி கடந்து வர்த்தமானர் ஆயிற்று. அந்தச் சாரணர் சிங்கத்தை வெறுக்கவில்லை, விரட்டவும் இல்லை. ஊன் தின்னும் வாயோடு நின்ற விலங்கினுள்ளே தீர்த்தங்கரராகப் போகும் உயிரைக் கண்டனர். இதைக் கதையாகச் சொன்னபோது பேரன் செந்நாய்களை மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்த்தான். இம்முறை அவன் கண்ணில் சினம் இல்லை. அம்மையாரின் வினாவுக்கு என் விடையும் இதுவே. கொலையை வேடிக்கையாகப் பார்ப்பது நமக்குத் தகாது. கொல்வதும் இறப்பதுமாகிய இரண்டு உயிர்களையும் பயணத்தில் இருக்கும் உயிர்களாகப் பார்ப்பது தகும்.

டாப்சிலிப்புக்கு அருகில் கோழிகமுத்தி யானை முகாம். கலீம் என்னும் கும்கி யானை, 99 மீட்புப் பணிகளில் உழைத்து, 60ஆம் வயதில், 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றது அங்கேதான். வனத்துறையினர் அணிவகுத்து நின்று அதற்கு வணக்கம் செலுத்தினர். ஓய்வு பெற்ற ஆசிரியனாகிய எனக்கு அச்செய்தியில் தனி மகிழ்ச்சி உண்டு.

யானை என்றதும் கொங்கு நாட்டார்க்கு மறக்க இயலாத பெயர் சின்னத்தம்பி. கோவை தடாகம் பள்ளத்தாக்கில் உலவிய அந்தக் காட்டு யானையை 2019 சனவரியில் பிடித்து, டாப்சிலிப் பகுதிக் காட்டில் விட்டனர். அது அங்கே தங்கவில்லை. நாள்கணக்கில் நடந்து, உடுமலைப்பேட்டைப் பகுதியின் கரும்புக் காடுகளுக்கு வந்து சேர்ந்தது. வழியில் எவரையும் தாக்கவில்லை. சிலர் கண்ணீர் விட்டனர்; பயிரை இழந்தவர்கள் கலங்கினர்; வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. பிப்ரவரியில் மீண்டும் பிடித்து, வரகளியாறு முகாமில் மரக்கூண்டில் அடைத்துக் கும்கியாகப் பழக்கினர். உழவர் பக்கமும் நியாயம் உண்டு. யானையின் பக்கமும் உண்டு. நான் எடுத்துக்காட்ட விரும்புவது ஒன்றே. சஃபாரி என்பது பயணமானால், தன் ஊரை நோக்கி அந்த யானை நடந்ததும் ஒரு சஃபாரிதான். நம் பயணங்களுக்குச் சாலை போடுகிறோம். அவற்றின் வழித்தடங்களில் செங்கல் சூளைகளையும் வேலிகளையும் எழுப்புகிறோம்.

நம் கொங்கு மண்ணின் சமணக் காப்பியமாகிய பெருங்கதையிலும் ஒரு யானைப் பாடம் இருக்கிறது. விசயமங்கலத்துக் கொங்குவேளிர் பாடிய அந்நூலின் தலைவன் உதயணன், யாழிசையால் யானையை வயப்படுத்த வல்லவன். யானைமேல் அவன் கொண்ட ஆசையை அறிந்த பகைவன், வீரர்களை உள்ளே மறைத்த பொறி யானையைக் காட்டி அவனைச் சிறைப்பிடித்தான். பின்னர் உஞ்சை நகரில் மதங்கொண்டு திரிந்த நளகிரி யானையை அதே உதயணன் யாழால் அடக்கினான். யானையை அடைய வேண்டும் என்று ஓடியபோது சிக்கினான். யானைக்கு அமைதி தர முன்வந்தபோது வென்றான். படக்கருவியோடு ஓடும் நம் இளைஞர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

மறுநாள் ஆழியாறு வழியே நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வால்பாறை ஏறினோம். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே திட்டுத்திட்டாய் எஞ்சியுள்ள மழைக்காடுகளில் சோலைமந்திகள் வாழ்கின்றன. சிங்கவால் குரங்கு என்றும் கூறுவர். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையாய் வாழாத இனம். மரக்கிளைகளிலேயே வாழப் பிறந்த அவை, புதுத்தோட்டம் பகுதியில் காடு சுருங்கியதால் சாலைக்கு இறங்கப் பழகிவிட்டன.

அங்கே ஒரு மகிழுந்து நின்றது. நம்மைப் போன்ற நல்ல குடும்பம்தான். அன்போடு வாழைப்பழங்களை நீட்டினர். குட்டியை வயிற்றில் தாங்கிய தாய் மந்தியொன்று பழத்துக்காகச் சாலையின் நடுவே வந்தது. வளைவில் திரும்பிய மற்றொரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. ஓரடி இடைவெளியில் இரண்டு உயிர்கள் பிழைத்தன.

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் தானம் நம் இரத்தத்தில் ஊறியது. புறாவுக்குத் தானியம், எறும்புக்கு அரிசி மாவு, பசுவுக்கு அகத்திக்கீரை என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குணம் வாழ்க. ஆனால் காட்டுயிர்க்கு நாம் இடும் உணவு தானமன்று. அது சாலையை நம்பும் பழக்கத்தைக் கற்பிக்கிறது. சக்கரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மனிதர் கையிலிருந்து பறிக்கவும் தூண்டுகிறது. பிறகு ‘தொல்லை தரும் குரங்கு’ என்ற பெயரையும் வாங்கித் தருகிறது. நம் நெறி அபயதானத்தையும் தானமாகப் போற்றுகிறது. அஞ்சாமல் வாழவிடுதல் என்பது அதன் பொருள். சோலைமந்திக்கு நாம் தரத்தக்கது அதுவே. அங்கே தொண்டாற்றும் ஆய்வாளர்களும் வனத்துறையினரும் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலங்கள் கட்டியுள்ளனர். மந்திகள் அவற்றின்மேல் நடந்து சாலையைத் தொடாமலே கடக்கின்றன. பழம் கொடுத்த கையைவிடப் பாலம் கட்டிய கையே பெரிய கை.

மழைக்காலத்தில் செல்வோர்க்கு இன்னொரு தேர்வும் உண்டு. அட்டை! அது ஈரறிவுயிர். ஐயறிவு யானையைக் கண்டு உருகுகிறவர்களும் காலில் அட்டை ஏறியதும் உப்பையும் புகையிலைத் தூளையும் தேடுவர். உப்பிட்டால் அது துடித்துச் சாகும். நகத்தின் விளிம்பால் அதன் வாய்ப்பிடியை மெல்லத் தள்ளினால் விட்டுவிடும். இலையில் எடுத்து ஓரமாய் விடலாம். முழங்கால்வரை நெருக்கமாக நெய்த காலுறை அணிந்தால் அதுவும் தேவைப்படாது. துணி நெய்யும் ஊரார்க்கு இதை நான் சொல்ல வேண்டுமா? என் பேத்தி தன் காலிலிருந்து மூன்று அட்டைகளை இப்படி எடுத்துவிட்டாள். ‘பெரிய ஐந்தை’யும் பார்த்து வந்தவர்களைவிட அவள் பெரிய பயணம் போய்வந்தாள் என்பேன்.

வால்பாறையில் நான் கண்டவற்றுள் இன்னொன்றையும் கூறியாக வேண்டும். ஊருக்கும் தோட்டங்களுக்கும் அருகே கம்பங்களில் சிவப்பு விளக்குகள் உள்ளன. யானைகள் அருகில் நடமாடினால் கைப்பேசி வழியே அவ்விளக்குகளை எரியச் செய்கின்றனர், குறுஞ்செய்தியும் வருகிறது. விளக்கைக் கண்ட தொழிலாளர்கள் அங்கேயே நின்றுவிடுவர், அல்லது வேறு வழியாகத் திரும்புவர். இம்முயற்சிக்காக ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் விட்லி விருது பெற்றார். யானையை விரட்டாமல், மனிதரை விலக்கி இருதரப்பும் உயிர் பிழைக்க வழி செய்த அறம் அது.

அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தபோது எனக்கு நேமிநாதர் நினைவு வந்தது. திருமலையில் பாறையில் வடித்த அந்த நெடிய திருவுருவத்தின்முன் கைகூப்பி நின்றவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். அவர் மணமகனாய்த் தேரேறிச் சென்றார். விருந்துக்கென்று அடைத்து வைத்த விலங்குகளின் ஓலம் காதில் விழுந்தது. மணப்பந்தல் கண்ணுக்கெட்டும் தொலைவு, சுற்றமெல்லாம் காத்திருக்கிறது. தேரைத் திருப்பச் சொன்னார். நாம் அவரளவு துறக்க வேண்டியதில்லை. ‘யானைக்கூட்டம் குட்டிகளோடு நிற்கிறது, இனி நெருங்க வேண்டாம்’ என்று வழிகாட்டி சொல்லும்போது, பணம் கட்டியிருந்தாலும், படம் கிடைக்காவிட்டாலும், வண்டியைத் திருப்பச் சொல்லலாம் அல்லவா? அந்த அளவு துறவு நம் அனைவர்க்கும் இயலும்.

எனவே பயணம் புறப்படும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள் நான்கு. காட்டுயிர்க்கு உணவிடாதீர்கள். குரலையும் ஒலிபெருக்கியையும் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். ஓட்டுநருக்குக் கூடுதல் பணம் கொடுத்து நெருங்கச் சொல்லாதீர்கள். மெதுவாய்ச் செல்வதற்கும் தொலைவில் நிற்பதற்கும் பாராட்டி அன்பளிப்புக் கொடுங்கள். எதைப் பார்த்தோம் என்ற கணக்கோடு, எதைத் தொந்தரவு செய்யாமல் வந்தோம் என்ற கணக்கையும் இரவில் குழந்தைகளோடு அமர்ந்து எழுதிப் பாருங்கள்.

ஆனைமலையாயினும் மாராவாயினும் அங்கே வாழும் உயிர்கள் நம் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. நாம் வந்து சென்றதே தெரியாமல் அவை தம் வழியில் நடக்குமானால், அதுவே நம் பயணத்தின் வெற்றி. இவ்வாண்டு விடுமுறையில் நம் குழந்தைகள் அனைவரும் ஒரு காட்டையேனும் காணட்டும். காட்டுக்கு நோவில்லாமல் காணட்டும்.

எல்லா உயிரும் இன்புற்று வாழ்க.